கூட்டத்தின் நடுவே ஒரு மனம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இசையும் நாடகமும் இலக்கியச் சொற்பொழிவும் நடைபெறுவதே நம் சங்கத்தின் மரபு. நோயைப் பற்றிய பேச்சு ஒரு விழாவுக்கு ஒவ்வுமோ என்ற ஐயம் எங்களுக்கும் இருந்தது. ஆயினும், வரும் ஜனவரியில் சங்கம் மீண்டும் உல்லாசப் பயணம் செல்ல இருக்கிறது. அதற்கு முன்னர்ச் சில செய்திகளை உங்கள் முன் வைப்பது கடமை எனக் கருதினோம். எங்கள் மூத்த மகளைப் பற்றியவை அவை. அவளுடைய இசைவைப் பெற்றே பேசுகிறோம். இந்த உரையை அவளே படித்துப் பார்த்து, இரண்டு இடங்களில் திருத்தியும் கொடுத்தாள்.

அவளுக்கு இருமுனை மனநோய் உண்டு. சில காலம் உள்ளம் அளவு கடந்து பொங்கும். உறக்கமே வேண்டாததுபோல் இருக்கும். பேச்சும் திட்டங்களும் பெருகும். வேறு சில காலம் அதே உள்ளம் எழுந்திருக்கவும் வலுவின்றிச் சோர்ந்து கிடக்கும். ஐந்து ஆண்டுகளாக மருத்துவம் பெற்று வருகிறாள். இதை உங்களிடமிருந்து நாங்கள் மறைத்தோம். அவள் மருத்துவமனையில் இருந்தபோது டைபாய்டு என்றோம். கல்லூரிக்குச் செல்லாதபோது வீட்டிலிருந்தே தேர்வுக்குப் படிக்கிறாள் என்றோம். வரன் பார்க்கும் வயதில் பெண்ணை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லும் துணிவு எங்களுக்கு இருக்கவில்லை.

1989-இல் கோராயில் எஸ்ஸெல் வேர்ல்டு தொடங்கிய பின்னர், படகேறிச் சென்று அதைக் கண்டு களித்த நினைவு இங்குள்ள பலருக்கும் இருக்கும். அப்பூங்கா 2022-இல் மூடப்பட்டுவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் நாம் அனைவரும் சென்றது வேறொரு பூங்கா. மே மாதம், பள்ளி விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை. பேருந்து விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டது. முதல் நாள் இரவு எங்கள் மகள் ஒரு கணமும் உறங்கவில்லை. எல்லாருக்கும் புளியோதரை கட்டினாள். பேருந்தில் ஓயாமல் பாடினாள். "உங்கள் பெண்ணைப்போல் கலகலப்பானவள் நம் காலனியிலேயே இல்லை" என்று நீங்கள் பாராட்டினீர்கள், நாங்களும் மகிழ்ந்தோம். உறக்கமின்மை அவள் நோயைத் தூண்டும் என மருத்துவர் பலமுறை கூறியிருந்தும், அன்று அது எங்கள் நினைவுக்கு வரவில்லை.

நண்பகலில், இராட்டினத்திற்கான வரிசையில் ஒரு மணி நேரத்திற்கு மேல் நின்றோம். முன்னும் பின்னும் மனிதர்கள்; இருபுறமும் இரும்புக் கம்பிகள்; தலைக்கு மேல் ஒலிபெருக்கி. திடீரென அவளுக்கு மூச்சு முட்டிற்று, நெஞ்சு படபடத்தது, "நான் சாகப் போகிறேன்" என்று சொல்லித் தரையில் அமர்ந்துவிட்டாள். அப்போது நம்மவர் அனைவரும் ஓடி வந்தீர்கள். ஒருவர் விசிறினார், ஒருவர் முகத்தில் நீர் தெளித்தார், ஒருவர் எலுமிச்சம்பழம் கொடுத்தார், திருஷ்டி என்றார் ஒருவர். எல்லாம் அன்பினால் செய்தவையே. ஆனால் அவளோ இன்னும் உரக்க அலறினாள். பேருந்து இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. பின்னர் பத்து நாட்கள் அவள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. வீடு திரும்பியதும் அவள் சொன்னது இதுதான்: "வரிசையில் நின்ற கூட்டத்தை எப்படியோ பொறுத்துக்கொண்டேன், அம்மா. என்னைச் சுற்றி நின்ற கூட்டத்தைத்தான் பொறுக்க முடியவில்லை."

உங்கள்மீது குறை கூறுவதாக எண்ண வேண்டா. இன்னது நோய், இன்னது செய்க என்று நாங்கள் முன்பே ஒருவரிடமேனும் சொல்லியிருந்தால், அந்த ஒருவர் மற்றவர்களை விலக்கியிருப்பார். நாங்கள் சொல்லாமல் போனதன் விலையை எங்கள் மகள் கொடுத்தாள்.

தாதர் நிலையத்தின் நெரிசலில் ஏறி இறங்கப் பழகிய நமக்கு, ஒரு பூங்காவின் வரிசை எம்மாத்திரம் என்று தோன்றலாம். ஆனால் கூட்டத்திலும் திறந்த வெளியிலும் தோன்றும் இத்தகைய அச்சத்தை மருத்துவம் நெடுங்காலமாக அறியும். பெர்லின் நகரத்து மருத்துவர் வெஸ்ட்பால் 1871-இலேயே அதற்கு ஒரு பெயர் சூட்டி எழுதினார். அச்சத்தின் வேகம் பெரும்பாலும் பத்து நிமிடங்களில் உச்சத்தை எட்டிப் பின்னர்த் தானே தணியத் தொடங்கும். அந்த நேரத்தில் அருகில் ஒருவர் அமைதியாக இருந்து, மெல்ல மூச்சை வெளியே விடச் சொல்லி, நிழலான இடத்திற்கு அழைத்துச் சென்றால் போதும். எனினும் முதன்முறையாக நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ வந்தவரை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்; மன அச்சம் என்று நாமே முடிவு செய்துவிடலாகாது.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் மகள் உட்கொள்வது லித்தியம். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் இதன் பயனை வெளியிட்டார். இன்றும் இந்நோய்க்குரிய சிறந்த மருந்துகளுள் இது ஒன்று. கடும் வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் இதன் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் மிகுதல், தள்ளாட்டம், பேச்சுக் குழறல், வாந்தி ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தலைவலி என்றால் கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் நம் பயணங்களில் உண்டு. இப்யூபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தின் அளவை உயர்த்தக் கூடியவை. ஆதலால் மருத்துவரைக் கேளாமல் யாருக்கும் மாத்திரை கொடுக்க வேண்டா.

ஓராண்டு கழிந்த பின்னர், "அந்தப் பூங்காவுக்கு மறுபடியும் போக வேண்டும்" என்று அவளே கேட்டாள். நாங்கள் அஞ்சினோம். மருத்துவர் மறுக்கவில்லை, திட்டமிட்டுச் செல்லுங்கள் என்றார். மழைக்காலம் முடிந்து, பள்ளிகள் நடக்கும் நாட்களில், ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தோம். முதல் நாள் இரவு பத்து மணிக்குள் படுக்கை. காலையில் வழக்கமான நேரத்தில் மருந்து. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டின் நகல் எங்கள் பையில் இருந்தது. தொப்பி, குடிநீர், காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு ஆகியனவும் எடுத்துச் சென்றோம். எவற்றில் ஏறலாம் என்று மருத்துவரைக் கேட்டு மூன்றை மட்டும் குறித்துக்கொண்டோம். உள்ளே நுழைந்ததும் முதலுதவி அறையையும், கூட்டமில்லாத ஒரு மரத்தடியையும் பார்த்து வைத்தோம். "தண்ணீர் வேண்டும்" என்று அவள் சொன்னால், காரணம் கேளாமல் வரிசையைவிட்டு வெளியே வருவது என்பது எங்களுக்குள் ஏற்பாடு.

அன்று இருமுறை தண்ணீர் கேட்டாள். இருமுறையும் மரத்தடிக்குச் சென்றோம். மூன்று மணி நேரத்தில் இரண்டில்தான் ஏற முடிந்தது. நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கிட்டால் நட்டமே. ஆனால் வாயிலைக் கடக்கும்போது அவள் திரும்பிப் பார்த்து, "மூன்றாவது பாக்கி இருக்கிறது, அப்பா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

அன்பர்களே! 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறை உடையவர்கள். அக்கணக்கை இந்த மண்டபத்துக்குப் பொருத்திப் பாருங்கள். எங்கள் வீடு ஒன்று மட்டுமாக இருக்க முடியாது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய்க்கும் உடல்நோய்க்கும் மருத்துவத்தில் வேற்றுமை காட்டலாகாது என்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்குமாறு செயலாளரை வேண்டுகிறோம்.

பயணக் குழுவினருக்கும் எங்கள் வேண்டுகோள்கள் சில உண்டு. இயன்றால் விடுமுறை நாளைத் தவிர்த்து, பேருந்தைச் சற்றுத் தாமதமாகப் புறப்பட வையுங்கள். கூட்டத்தைவிட்டு ஒதுங்கி அமர விரும்புவோர்க்கென ஓரிடத்தைக் குறியுங்கள். முன்னதாகத் திரும்ப வேண்டியவர்களுக்கு ஒரு சிறு வண்டியை அமர்த்துங்கள். அச்செலவில் எங்கள் பங்கைத் தருகிறோம். யாரேனும் தளர்ந்து அமர்ந்தால் ஒருவர் மட்டும் அருகில் செல்லுங்கள். மற்றவர்கள் விலகி நின்று வழிவிடுங்கள். முதியோருக்கும் கைக்குழந்தையுடன் வரும் தாய்மாருக்கும் இந்த ஏற்பாடுகள் பயன்படும் அல்லவா?

ஜனவரிப் பயணத்திற்கான பெயர்ப் பட்டியலில் எங்கள் மகள் நேற்றே கையெழுத்திட்டுவிட்டாள். இப்போது மூன்றாம் வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டும் இருக்கிறாள். விழா முடிந்ததும் வழக்கம்போல் அவளிடம் பேசுங்கள். நலம் விசாரிப்பதானால் நேராகவே விசாரியுங்கள். மறைக்க இனி எங்களிடம் ஒன்றுமில்லை.