சுக்கான் யார் கையில்?

பட்டம் பெறும் நீங்கள், வரலாறு கற்பிப்பவனைப் பெங்களூர் விவேக் நகருக்குப் பேச அழைத்துவிட்டீர்கள். வேறு எதைப் பேசுவேன்? வெளியார் தூண்டிவிட்ட கிளர்ச்சி என்று ஒரு போராட்டத்தை ஆட்சியாளர்கள் சொல்வது வழக்கம். வெளியிலிருந்து கருத்து வந்ததாலேயே ஒரு விடுதலைப் போராட்டம் இரவல் ஆகிவிடாது என்பது என் கட்சி.

1915 மே 8. கோகலேயின் படத்தைத் திறந்துவைக்கக் காந்தி இதே பெங்களூருக்கு வந்தார். தன்னை வண்டியில் வைத்து மக்கள் இழுப்பது பிடிக்கவில்லை என்று கூட்டத்திலேயே சொன்னார். தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்தியா வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் கொண்டுவந்த சத்தியாகிரகத்தை இறக்குமதிச் சரக்கு என்று வாதிட இடமுண்டு. 1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைந்த பண்ணைக்கு ரஷ்யரான டால்ஸ்டாயின் பெயர். நிலம் தந்தவர் ஜெர்மானிய யூதரான காலன்பாக். ஆனால் சத்தியாகிரகத்தை ஊரறியும் போராட்டமாக்கியவர்கள் யார்? ஒப்பந்தம் முடிந்த பிறகும் நேட்டாலிலேயே தங்கிய இந்தியக் கூலிகள் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி கட்ட வேண்டியிருந்தது. 1913-ல் டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்குள் நுழைந்த பெண்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய் அந்த வரியைப் பற்றித்தான் பேசினார்கள், வேலை நின்றது. நவம்பர் 6 அன்று 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும் எல்லையை நோக்கி நடந்தார்கள். அந்தப் போராட்டத்தில் சிறைசென்று, அங்கே கண்ட காய்ச்சலோடு வெளியே வந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில், இறந்துபோனாள். அந்த ஆண்டே வரி ஒழிந்தது. நடந்தவர்களில் டால்ஸ்டாயைப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? 3 பவுண்டுக்கு எத்தனை நாள் கூலி போகும் என்பது அத்தனை பேருக்கும் தெரியும்.

கருத்து வரலாம் சரி, துப்பாக்கியும் வெளியாருடையது என்றால் என்ன சொல்வீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 1942-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் ஜப்பானின் ஆதரவோடு இந்திய தேசிய ராணுவம் எழுந்தது. ஜப்பான் தர்மம் செய்யவில்லை. அதற்கென்று ஒரு கணக்கு இருந்தது. அதனால்தான் அந்த டிசம்பரிலேயே படைத் தலைவர் மோகன் சிங் ஜப்பானியரோடு முறித்துக்கொண்டு கைதானார், படையும் கலைந்தது. மறு ஆண்டு சுபாஷ் சந்திர போஸ் வந்து படையைத் திரும்பக் கட்டியதும் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பால்வெட்டும் தமிழர்கள் சேர்ந்தார்கள். சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி, ஜான்சி ராணிப் படைக்குத் தலைவியானார். இந்தியாவைக் கண்ணால் காணாத பிள்ளைகள் அதில் இருந்தார்கள். ஆனாலும் ஆயுதத்துக்கு ஜப்பானை நம்பியிருந்த படை, ஜப்பானோடு சேர்ந்தே 1944-ல் இம்பாலில் தோற்றது. இந்த இடத்தில் என் வாதம் வலுக்குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். சரக்கு யார் கையிலோ, சுக்கானும் பாதி அவர்கள் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆனால் 1945 நவம்பரில் அந்தப் படையின் அதிகாரிகள் மீது டெல்லி செங்கோட்டையில் விசாரணை தொடங்கியபோது, தெருவில் இறங்கியவர்களின் வாயில் ஜப்பான் என்ற பேச்சே இல்லை. ஷா நவாஸ், சேகல், தில்லன் மூவரையும் விடுதலை செய் என்றுதான் கேட்டார்கள்.