22 கிலோ டிவி, 700 ரூபாய் மவுண்ட்: முதல்ல சுவரைப் பாருங்க

இன்னைக்கு ஏஐ கிடையாது, இன்டர்வியூ டிப்ஸ் கிடையாது. எங்க வீட்டு டிவி மூணே வாரத்துல சுவரை விட்டுக் கிளம்பப் பார்த்த கதை. கூடவே, பெரிய டிவிக்குக் கம்மி விலையில வால் மவுண்ட் வாங்கலாமா, வாங்குனா எதைப் பார்க்கணும்னு பேசப்போறோம்.

நாங்க இருக்கிறது ஓஎம்ஆர்ல ஒரு வாடகை ஃப்ளாட். ஆஃபர்ல 65 இன்ச் டிவி வாங்கினேன். அம்மா கிச்சன்ல இருந்தே சீரியல் பார்க்கணும்னு, கை மாதிரி நீண்டு எல்லாப் பக்கமும் திரும்புற மவுண்ட்டா 2,400 ரூபாய்க்கு எடுத்தேன். மாட்ட வந்த பையன் ட்ரில் போட்டதும் சுவர்ல இருந்து வெள்ளையா மாவு மாதிரி கொட்டுச்சு. "சார், இது லைட் பிளாக் சுவர். ஆனா நிக்கும் சார்"னு இழுத்தான். எனக்குப் பதினோரு மணிக்கு மீட்டிங். "போட்டுடுங்க"னு சொல்லிட்டேன். அந்த "ஆனா"வை நான் காதுல வாங்கவே இல்ல.

கொஞ்ச நாள்ல, தினமும் காலையில டிவிக்குக் கீழ கொஞ்சம் வெள்ளைப் பொடி. அம்மா கரையான்னு நினைச்சு மருந்து அடிச்சாங்க. மூணாவது வாரம் ஒரு நாள் ராத்திரி டிவிக்குப் பின்னாடி டார்ச் அடிச்சுப் பார்த்தேன். மவுண்டோட மேல் பக்கம் சுவரை விட்டு ஒரு விரல் அளவுக்கு விலகி நிக்குது. கீழ அக்கா பொண்ணோட பாய் விரிச்சிருக்கு. மூணு வயசு. தினமும் அங்கதான் பொம்மை வெச்சு விளையாடுவா.

அந்த ராத்திரியே பக்கத்து ஃப்ளாட் அண்ணனை எழுப்பி, ரெண்டு பேரும் டிவியை இறக்கினோம். மேல் போல்ட்டு ரெண்டும் கையால இழுத்தாலே வந்துடுச்சு.

பெட்டியில இருக்குற கிலோ யாருக்கு?

மவுண்ட் பெட்டியில "50 கிலோ தாங்கும்"னு போட்டிருந்துச்சு. எங்க டிவி 22 கிலோதான். அப்புறம் ஏன் வந்துச்சு? அந்த 50 கிலோ மவுண்டோட இரும்புக்கு. உங்க சுவருக்கு அவங்க எந்த உத்தரவாதமும் கொடுக்கல. இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க.

இப்போ ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் பேப்பருக்குப் போவோம். பயப்படாதீங்க, ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்தான். ஒட்டின மாதிரி நிக்குற ஃபிக்ஸட் மவுண்ட்ல டிவியோட எடை சுவர்ல இருந்து சுமார் 6 செ.மீ. தள்ளி இருக்கும். 22-ஐ 6-ஆல பெருக்குங்க: 132. மேல் போல்ட்டுக்கும் தகட்டோட கீழ் விளிம்புக்கும் 20 செ.மீ. இடைவெளின்னா, 132-ஐ 20-ஆல வகுங்க. மேல் போல்ட்டுகளைச் சுவர்ல இருந்து பிடுங்கப் பார்க்குற விசை சுமார் 7 கிலோ.

அதே டிவியைக் கை மவுண்ட்ல 45 செ.மீ. வெளிய இழுங்க. 22-ஐ 45-ஆல பெருக்கி 20-ஆல வகுத்தா கிட்டத்தட்ட 50 கிலோ! டிவி அதேதான், சுவரும் அதேதான், இழுப்பு மட்டும் ஏழரை மடங்கு. இதுல கையோட சொந்த எடையை நான் சேர்க்கவே இல்ல. திருப்பும்போது வர்ற ஆட்டமும் தனி.

அதனால "விலை அதிகம்னா பாதுகாப்பு அதிகம்"ங்கிற கணக்கு இங்க எடுபடாது. சுவரைப் பொறுத்தவரை 700 ரூபாய் ஃபிக்ஸட் மவுண்ட், என்னோட 2,400 ரூபாய் மவுண்ட்டை விட ரொம்ப சாது. தகடும் அகலமா, நிறைய ஓட்டையோட வரும். நல்ல இடமாப் பார்த்து போல்ட் போடலாம்.

ட்ரில் பொடி சொல்ற ஜாதகம்

சுவர் என்னன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? ட்ரில் போடும்போது வர்ற பொடியைப் பாருங்க.

சிவப்புப் பொடின்னா செங்கல். பிளக்கும் ஸ்க்ரூவும் மேல் பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள்ள நல்லா இறங்கணும். ரெண்டு கல்லுக்கு நடுவுல கலவை இருக்குற இடத்துல போடாதீங்க.

ட்ரில் திணறி, சாம்பல் பொடி கொஞ்சம் கொஞ்சமா வந்தா காங்கிரீட். ஹேமர் ட்ரில் வேணும். ஆனா ஆங்கர் போல்ட் போட்டா கெட்டியா நிக்கும்.

வெண்ணெய்ல கத்தி மாதிரி ட்ரில் இறங்கி, வெளிர் நிறத்துல மாவு கொட்டினா ஏஏசி பிளாக். புது அப்பார்ட்மென்ட் நிறையவே இதுலதான் கட்டுறாங்க. உள்ள முழுக்கக் காற்றுக் குமிழ். குட்டி பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. இரும்பு ஆங்கரை முறுக்கினா கல்லே நொறுங்கும். இதுக்குன்னே வர்ற நீளமான நைலான் பிளக், இல்ல கெமிக்கல் ஆங்கர் போடணும். ஹேமர் மோடை ஆஃப் பண்ணித்தான் துளை போடணும். எங்க வீட்டுல இது எதுவுமே நடக்கல.

தட்டினா டொக் டொக்னு பொந்து சத்தம் வர்ற ஜிப்சம் தடுப்பா? அங்க பெரிய டிவி வேண்டாம். எந்தச் சுவரா இருந்தாலும் சுவிட்ச் போர்டுக்கு நேர் மேல, நேர் கீழ துளை போடாதீங்க. உள்ள ஒயர் ஓடும்.

கடையில கேட்க வேண்டியது

"65 இன்ச்சுக்குக் கொடுங்க"னு மட்டும் கேட்காதீங்க. டிவிக்குப் பின்னாடி நாலு ஸ்க்ரூ ஓட்டை இருக்கும். குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவுன்னு மில்லிமீட்டர்ல அளங்க. 300-க்கு 300, 400-க்கு 300, 400-க்கு 400 மாதிரி வரும். இதுக்குப் பேர் வெசா அளவு. ஒரே 65 இன்ச்லயே மாடலுக்கு மாடல் மாறும். டிவியோட எடையையும் மேனுவல்ல பாருங்க. மவுண்ட் அதுக்கு ரெண்டு மடங்காவது தாங்கணும்.

ஸ்க்ரூ எம்6-ஆ எம்8-ஆ, நீளம் எவ்வளவுன்னும் அதே மேனுவல்ல இருக்கும். ரொம்ப நீளமான ஸ்க்ரூவை முறுக்கினா டிவி உள்ளயே அடி வாங்கும். கையால போட்டு, இறுக்கம் தெரிஞ்சா நிறுத்துங்க.

ஃபிக்ஸட் மவுண்ட்ல ஒரு கஷ்டம் இருக்கு: மாட்டின பிறகு பின்னாடி கை போகாது. ஹெச்டிஎம்ஐ கேபிளை முன்னாடியே சொருகிடுங்க. பெட்ரூம்ல உயரமா மாட்டுறீங்கன்னா, கீழ்நோக்கிச் சாயுற டில்ட் மவுண்ட் எடுங்க. விலை கொஞ்சம்தான் கூட.

உயரம்? உட்கார்ந்தா உங்க கண்ணு இருக்குற மட்டத்துல திரையோட நடுப்பகுதி. சோஃபான்னா தரையில இருந்து 40, 42 இன்ச். பாய் போட்டு உட்கார்ந்து பார்க்குற வீடுன்னா இன்னும் கீழ.

கடைசியில என்ன பண்ணேன்?

முதல்ல ஹவுஸ் ஓனர் அங்கிளுக்கு போன் பண்ணேன். முதல் தடவை அவரைக் கேட்காமலே துளை போட்டிருந்தேன், அதையும் சேர்த்துச் சொன்னேன். ரெண்டு நிமிஷம் திட்டினார். அப்புறம், "லிஃப்ட் பக்கத்துச் சுவர் முழுக்க காங்கிரீட்டுப்பா, அதுல மாட்டு. காலி பண்றப்போ எல்லாத் துளையையும் பட்டி பூசிக் கொடுத்துடணும்"னார். முதல்லயே கேட்டிருந்தா முதல்லயே சொல்லியிருப்பார்!

ஃபிக்ஸட் மவுண்ட் 700, நாலு ஆங்கர் போல்ட் 120, எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு 500. மொத்தம் 1,320 ரூபாய். டிவியை ஏத்துறதுக்கு முன்னாடி, வெறும் தகட்டைப் பிடிச்சு நான் என் முழு பலத்தோட இழுத்துப் பார்த்தேன். அசையல. நீங்களும் இதைக் கட்டாயம் பண்ணுங்க.

சாயங்காலம் பால்கனி வெளிச்சம் திரையில அடிக்குது, அதுக்கு ஒரு திரைச்சீலை போட்டாச்சு. கிச்சன்ல இருந்து சீரியல் தெரியாது. அம்மாகிட்ட சாரி கேட்டேன். "நான் எங்கடா பார்த்தேன், காதுல கேட்டாப் போதும்"னாங்க. அதுக்குத்தான் 2,400 ரூபாய் செலவு பண்ணியிருக்கேன்!

உங்க வீட்டுல நல்ல சுவரே இல்லன்னா, டிவியோட பெட்டியில வந்த காலையே மாட்டி, அகலமான மேஜை மேல வைங்க. குழந்தை இருக்குற வீடுன்னா, முன்னாடி சாயாம ஒரு பட்டை போட்டுக் கட்டுங்க. அதுல வெட்கப்பட ஒண்ணுமே இல்ல.

ஏற்கெனவே மாட்டியிருக்கீங்களா? எபிசோட் முடிஞ்சதும் ஒரு டார்ச் எடுத்துட்டுப் போய் மேல் போல்ட்டைப் பாருங்க. கீழ பொடி கிடந்தா, மருந்து அடிக்காதீங்க. டிவியை இறக்குங்க.

அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே!