மழையை விரட்டும் ஊர்கள், தண்ணீருக்கு ஏங்கும் வீடுகள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீரைப் பற்றி நாம் பேசுவது இரண்டே சமயங்களில்தான். குழாயில் வராதபோது ஒன்று. வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டபோது மற்றொன்று. கிள்ளான் பள்ளத்தாக்கு மக்களுக்கு இரண்டுமே பழகிப்போன துன்பங்கள். 1998இல் வறட்சி, நீர்ப் பங்கீடு. 2014இல் மீண்டும் பங்கீடு. 2020 செப்டம்பரில் ஆற்று நீர் மாசுபட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயனீட்டாளர் கணக்குகளுக்குத் தண்ணீர் தடைப்பட்டது. சரியாகப் பதினைந்து மாதம் கழித்து, 2021 டிசம்பரில், ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியில் ஒதுங்கிப் படகுக்குக் காத்திருந்தார்கள். அந்தப் பருவத்து வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

வெள்ளம் ஓர் இலாகாவின் கவலை, குடிநீர் வேறோர் இலாகாவின் கவலை என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். வானத்திலிருந்து விழுவது ஒரே தண்ணீர்தான். அதை விழுந்த இடத்திலேயே சற்று நேரம் நிறுத்தி வைக்க நாம் கற்றுக்கொள்ளவில்லை. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

தோட்டத்து வாழ்க்கையை அறிந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. ரப்பர்க் காட்டில் மழை பெய்தால் என்ன நடக்கும்? இலை தாங்கும், சருகு தாங்கும், மண் குடிக்கும். மிச்சம் மெதுவாக மண் கால்வாய் வழியே ஆற்றுக்குப் போய்ச் சேரும். அதே நிலம் இன்று வீடமைப்புப் பகுதி. கூரை, தார்ச்சாலை, சிமெண்டுத் தரை. மண்ணுக்கு வாயே இல்லை. விழுந்த மழை முழுவதும் சில நிமிடங்களில் கால்வாயில் இறங்குகிறது. கால்வாயும் சிமெண்டு. மழையைச் சீக்கிரம் வெளியேற்று என்பதே 1975ஆம் ஆண்டு வடிகால் வழிகாட்டியின் நோக்கமாக இருந்தது. மேட்டுத் தாமான் தன் தண்ணீரைப் பள்ளத்துத் தாமானுக்குத் தள்ளும். அது தனக்கும் கீழே உள்ள ஊருக்குத் தள்ளும். கடைசியில் இருப்பவர் வீட்டில் கட்டில் மிதக்கும்.

இதற்கு மாற்று உண்டா என்ற கேள்விக்கு நம் பல்கலைக்கழகம் ஒன்றே செய்து காட்டிய பதில் இருக்கிறது. பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில், நிபோங் திபாலில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் அமைந்திருக்கிறது. முன்பு பெரும்பகுதி செம்பனைத் தோட்டமாக இருந்த நிலம் அது. சமதரை, அருகில் கிரியான் ஆறு. சுமார் 300 ஏக்கர் பரப்பில் கட்டடங்கள் எழுப்பும்போது வழக்கமான சிமெண்டுக் கால்வாய்களையே வெட்டியிருக்கலாம். பல்கலைக்கழகத்தின் ஆற்றுப் பொறியியல், நகர்ப்புற வடிகால் ஆய்வு மையம் வடிகால் நீர்ப்பாசன இலாகாவோடு சேர்ந்து வேறு வழியில் போனது. 2003இல் தொடங்கி வைக்கப்பட்ட அந்த ஏற்பாட்டுக்கு 'பயோ-இக்கோட்ஸ்' என்று பெயர்.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. கூரைத் தண்ணீர் அகலமான, ஆழம் குறைந்த புல் ஓடையில் இறங்குகிறது. ஓடைக்கு அடியில் துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் கூடுகள், அவற்றைச் சுற்றி வடிதுணியும் மணலும். தண்ணீரில் ஒரு பகுதி புல்லுக்கு மேலே மெதுவாக நகரும், ஒரு பகுதி கீழே வடிந்து மண்ணில் ஊறும். கனமழையில் மிஞ்சுவது தாழ்வான திடலில் தேங்கும். மழை விட்ட பின் அது வடிந்து பழையபடி புல்தரையாகிவிடும். கடைசியில் குளங்கள், நீர்த்தாவரங்கள் வளர்ந்த சதுப்பு நிலம். எண்ணெயும் சேறும் உரக்கழிவும் அங்கே படிந்து குறைந்த பிறகே தண்ணீர் ஆற்றை நோக்கிப் போகிறது. ஓட்டத்தின் வேகம் எவ்வளவு குறைந்தது, தண்ணீர் எவ்வளவு தெளிந்தது என்பதை ஆய்வாளர்கள் அங்கேயே அளந்தார்கள். வளாகமே அவர்களுக்கு ஆய்வுக்கூடம்.

இந்தச் சிந்தனை வளாகத்தோடு நிற்கவில்லை. 'மஸ்மா' எனப்படும் சுற்றுச்சூழலுக்கு உகந்த வடிகால் கையேட்டை வடிகால் நீர்ப்பாசன இலாகா 2000ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. 2001 முதல் புதிய மேம்பாட்டுத் திட்டங்கள் அதைப் பின்பற்ற வேண்டும் என்று வைத்தார்கள். 2012இல் இரண்டாம் பதிப்பும் வந்தது. அதன் சாரம் இதுதான்: நிலத்தை மேம்படுத்துவதற்கு முன்பு மழையில் எந்த வேகத்தில் தண்ணீர் வெளியேறியதோ, மேம்படுத்திய பின்பும் உச்ச ஓட்டம் அதைத் தாண்டக்கூடாது. உன் மழையை அடுத்தவன் தலையில் கொட்டாதே என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

விதி இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் வெள்ளம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்று, நாம் குடியிருக்கும் பல தாமான்கள் இந்த விதிக்கு முந்தியவை. இரண்டு, நீர்த்தேக்கக் குளம் வெட்டினால் போதாது. தூர் வார வேண்டும், குப்பை அகற்ற வேண்டும். கவனிப்பில்லாத குளம் கொசுவுக்குத்தான் உதவும். மூன்று, நாமே செய்வது. வீட்டு முன்புறத்தில் இருந்த கையகல மண்ணையும் சிமெண்டு போட்டு மூடி, கார் நிறுத்துகிறோம். ஒரு வீட்டில் அது சின்ன விஷயம். ஆயிரம் வீடுகளில் அது ஒரு திடல் அளவு நிலம். 2021 டிசம்பரில் பெய்ததைப் போன்ற பேய்மழையைப் புல் ஓடை முழுவதும் தாங்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்குப் பலமுறை வரும் திடீர் வெள்ளத்தை அது குறைக்கும். பெருவெள்ளத்திலும், ஓடித் தப்ப மக்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கும்.

இனிக் குழாய்ப் பக்கம் வருவோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் சேர்ந்து சுமார் 90 லட்சம் பேர். இவர்களுக்கு உள்ளூர் ஆறுகள் போதாமல், தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம் அமைத்துப் பகாங்கிலிருந்து தண்ணீர் கொண்டு வருகிறோம். சுரங்கம் 2014இல் முடிந்தது. நாளொன்றுக்கு 189 கோடி லிட்டர் கொண்டு வரும் திறன் அதற்கு உண்டு. பெரிய சாதனைதான். ஆனால் நாடளவில் பார்த்தால், சுத்திகரித்து அனுப்பும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒழுகும் குழாய்களாலும் திருட்டாலும் மீட்டர்க் கோளாறாலும் கணக்கில் வராமல் போகிறது. மலையைக் குடைந்து கொண்டு வந்து, சாலைக்கடியில் ஒழுக விடுவது என்ன நியாயம்?

வீட்டுக் கணக்கையும் பார்ப்போம். நூறு சதுர மீட்டர்க் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். நமக்கு மாலையில் ஒரு நல்ல மழை அது. ஒருவர் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கும் நாடு இது. ஐந்து பேர் குடும்பத்துக்கு அந்த ஒரு மழை ஏறக்குறைய ஐந்து நாள் தண்ணீர். குடிக்க வேண்டாம். கழிவறைக்கும், கார் கழுவவும், செடிக்கும் சுத்திகரித்த நீர் எதற்கு? 1998 வறட்சிக்குப் பின் 1999இல் வீடமைப்பு அமைச்சு மழைநீர் சேகரிப்புக்கு வழிகாட்டி வெளியிட்டது. கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. நம் வரிசை வீடுகளில் எத்தனை பீப்பாய்களைப் பார்க்கிறோம்?

ஆய்வாளர்கள் தங்கள் கடமையைச் செய்துவிட்டார்கள். அடுத்த கடமை குடியிருப்பாளர் சங்கங்களுக்கு உண்டு. உங்கள் தாமானின் நீர்த்தேக்கக் குளம் எது, அதைத் தூர் வாருவது யார், கடைசியாக எப்போது வாரினார்கள் என்று நகராண்மைக் கழகத்தை எழுத்து மூலம் கேளுங்கள். அருகில் புதிய மேம்பாடு வருகிறதென்றால் அதன் மழை எங்கே போகும் என்று அறிவிப்புப் பலகை ஏறும்போதே கேளுங்கள். வீடு முழுகிய பிறகு கேட்டால் கிடைப்பது மெத்தையும் உணவுப் பொட்டலமும்தான். கோயில், தமிழ்ப்பள்ளி, பொது மண்டபம் ஆகியவற்றின் கூரைகள் பெரியவை. அங்கிருந்து ஒரு தொட்டியைத் தொடங்கலாம். கூரைத் தொட்டியை மூடி வைக்கவும் மறக்க வேண்டாம், கொசு வரும்.

மழைக்குப் பஞ்சமில்லாத நாடு நம்முடையது. அந்த மழைக்கு ஊருக்குள் ஓர் இடம் கொடுப்போம்.