பிள்ளைத்தமிழில் இல்லாத பருவங்கள்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'தாய்மை' என்னும் பொருள் பற்றி நான் மேடையேறிப் பேசுவது இது இரண்டாவது தடவை. முதற்றடவை பேசியது நான் படித்த மிஷன் கல்லூரியின் தமிழ்ப் பேச்சுப் போட்டியில். அளிக்கப்பட்ட நேரம் ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்துக்குள் தாயை மெழுகுவர்த்தி என்றேன், கடல் என்றேன், நடமாடும் தெய்வம் என்றேன். முதற் பரிசும் பெற்றேன். அப்பொழுது நான் ஒரு கைக்குழந்தையைத் தூக்கியதே கிடையாது. நடுவர்களுள் ஒருவர் மூன்று பிள்ளைகளின் தாய். "தாய் உறங்காத இரவுகள்" என்று நான் கையை உயர்த்திக் கூறியபோது அவர் முகத்தில் ஒரு புன்னகை தோன்றிற்று. அதனைப் பாராட்டு என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தேன். அது என்ன புன்னகை என்பது சென்ற விடுமுறையிலேதான் எனக்கு விளங்கிற்று.

சென்ற விடுமுறையில் என் தமக்கையார் தமது இரண்டாவது பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மூத்தவனுக்கு மூன்றரை வயது. அத்தானுக்கு வன்னியில் உத்தியோகம்; வார இறுதியில் மாத்திரமே வருவார். பல்கலைக்கழகமும் பூட்டியிருந்தமையால் வீட்டில் வேலையற்ற ஆள் நான் ஒருவனே. இனி நான் சொல்லப்போவன யாவும் அக்காவின் அனுமதியுடனேயே சொல்லப்படுகின்றன. "சொல்லு தம்பி, ஆனால் பேச்சுப்போட்டி மாதிரிச் சொல்லாதை" என்பதே அவர் இட்ட நிபந்தனை.

முதலிலே ஒரு சிறு கணக்கு. பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை வரை பால் குடிக்கும். பத்துத் தடவை என்று வைத்துக்கொள்வோம். பாலூட்ட அரைமணி, தோளிற் போட்டு ஏவறை வரப்பண்ணி, துணி மாற்றி, மறுபடி ஏணையில் இட இன்னுமொரு கால்மணி. மொத்தம் ஏழரை மணிநேரம். கந்தோரிலே வேலை பார்ப்பவருக்கு இது ஒரு முழு நாட் கடமை. ஆனால் அவரை இரவு ஒரு மணிக்கும், இரண்டரைக்கும், நான்குக்கும் எழுப்பிக் கடமையாற்றச் சொல்வாரில்லை. அக்கா அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள் பிரசவ லீவு. பார்க்க வந்தவர்களிற் பாதிப்பேர், "லீவிலைதானே நிக்கிறாய், நல்லாய் ஓய்வெடு பிள்ளை" என்று வாழ்த்திவிட்டுத் தேநீருக்காகக் காத்திருந்தார்கள்.

எங்கள் கல்லூரி மண்டபத்தில் மரியன்னை குழந்தையை ஏந்திய படமொன்று இருந்தது. எங்கள் வீட்டுச் சுவாமி அறையிலே யசோதையும் கண்ணனும் இருக்கிறார்கள். சமயம் வேறாயினும் ஓவியர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள். இரு தாய்மாரின் தோளிலும் குழந்தை கக்கிய பாலின் கறை இல்லை.

புலவர்களும் அப்படியே. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தின் பத்துப் பருவங்களையும் பரீட்சைக்காக மனனஞ் செய்தவன் நான். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்குக் கடைசி மூன்றும் வேறு. ஐந்தாம் மாதத்திலே குழந்தை கையூன்றித் தலைநிமிர்த்தி அசைவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்திலே கைகொட்டுவது சப்பாணி. ஓராண்டு அளவில் அடியெடுத்து வருவது வாரானை. இப்பொழுது கிளினிக்கில் தாய்மாருக்குக் கொடுக்கும் கொப்பியைப் புரட்டினேன். எந்த மாதத்தில் தலை நிற்கும், எந்த மாதத்தில் இருக்கும், எந்த மாதத்தில் நடக்கும் என்று அங்கும் வரிசையாக இருக்கிறது. பழந்தமிழர் குழந்தையை நன்றாகத்தான் கவனித்திருக்கிறார்கள்.

ஆனால் கவனித்தவர்கள் யார்? ஒட்டக்கூத்தர் ஆண்மகன். யசோதையாகத் தம்மைப் பாவித்துப் பாடிய பெரியாழ்வாரும் ஆண்மகன். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரரோ துறவி. அவரைப்பற்றிய ஐதிகம் ஒன்றுண்டு. ஐந்து வயதுவரை வாய்பேசாதிருந்தாராம். பெற்றோர் திருச்செந்தூரிலே கொண்டுபோய்க் கிடந்தார்களாம். அந்த ஐந்தாண்டும் அந்தத் தாய் அண்டை அயலாருக்கு என்னென்ன விடை சொல்லியிருப்பாள்? அதற்கு ஒரு பருவம் இல்லை. ஆகையால் புலவர் விட்டுப்போன பருவங்கள் சிலவற்றை நான் சேர்க்க விரும்புகிறேன். உறங்காப் பருவம், கக்கற் பருவம், சோற்றை வாயில் அடக்கி வைத்துக்கொண்டு விழுங்காப் பருவம், மூக்கினுட் புளியங்கொட்டைப் பருவம். கடைசியாகச் சொன்னதை மருமகன் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் நிறைவேற்றினான். வெளிநோயாளர் பிரிவில் அந்தக் கொட்டையை எடுத்த டாக்டர், "மற்ற மூக்கையும் பாத்தனீங்களோ?" என்று கேட்டார். பார்த்தோம். அங்கும் ஒன்று இருந்தது.

பிறகு 'ஏன்' பருவம். "ஏன் மாமா நிலவு எங்களோடை வருது?" என்று கேட்டான். இதுவே அம்புலிப் பருவம் என்று மகிழ்ந்து, "உன்னோடை விளையாட வருது, வா எண்டு கூப்பிடு" என்றேன். அவன் சிறிது யோசித்தான். "வேண்டாம். அது வந்தால் தங்கச்சி எழும்பி அழுவா" என்றான்.

குழந்தையின் அழுகைக்கு வருவோம். மாலை ஆறுமணிக்கு ஆரம்பித்தால் ஒன்பதுவரை ஓயாது. அப்பம்மா வசம்பு என்றார்; அம்மம்மா, அதாவது என் தாயார், ஓமத்தண்ணீர் என்றார். நாவூறு என்பதில் மாத்திரம் இருவருக்கும் உடன்பாடு. எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் ஸ்கூட்டரில் வந்திறங்கி, ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீரும் வேண்டாம் என்று சொல்லிப் போனார். அதுவரை எதிரும் புதிருமாயிருந்த சம்பந்திமார் இருவரும் அன்றே ஒன்றுசேர்ந்தனர். "அப்ப நாங்கள் பிள்ளை வளர்க்கேல்லையோ?" என்று இருவரும் ஒரே குரலிற் கேட்டார்கள். சுகதேகியான குழந்தையின் அழுகைகூட ஆறாவது வாரம் வரையில் ஏறி, மூன்று நான்கு மாதத்திலே தானாகத் தணியும் என்று வைத்தியர்கள் கூறுகிறார்கள். ஆதலால் நான்காம் மாதத்தில் எந்த மருந்து கைவசம் இருக்கிறதோ அதற்கே பேர் கிடைக்கும்.

நிற்க. இதுவரை சொன்னவற்றுக்கு நீங்கள் சிரித்தீர்கள். நானும் அந்நாட்களிற் சிரித்தேன். வீட்டில் எல்லாருமே சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

குழந்தைக்கு ஐந்து வாரம். இரவு இரண்டு மணியிருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஏணையிலே குழந்தை வீரிட்டு அழுகிறது. பக்கத்தில் அக்கா நிலத்திலே குந்தியிருக்கிறார். கை ஏணைக் கயிற்றில் இருக்கிறது, ஆட்டவில்லை. "அக்கா, பசி போல" என்றேன். அவர் என்னைப் பாராமலே, "தம்பி, எனக்கு இந்தப் பிள்ளையிலை ஒண்டும் தோன்றேல்லை. ஆற்றையோ வீட்டுப் பிள்ளை அழுகிற மாதிரித்தான் கேக்குது. நான் நல்ல தாயில்லை" என்றார்.

முதற் பரிசு பெற்ற பேச்சாளனாகிய எனக்கு அப்பொழுது ஒரு சொல் வரவில்லை. மெழுகுவர்த்தி, கடல், தெய்வம் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தேன். அவற்றுள் எதைச் சொன்னாலும் அந்த மனுஷியை மேலும் குற்றவாளியாக்குவதாகவே முடிந்திருக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறாந்தையில் விடியும்வரை நடந்தேன்.

காலையிலே அம்மாவிடம் சொன்னேன். "பேய்க்கதை கதையாதை. வெளியிலை ஆரும் கேட்டால் என்ன நினைப்பினம்" என்று அதட்டிவிட்டுக் குசினிக்குப் போனார். சிறிது நேரத்தால் தேங்காய்ப்பாதியும் கையுமாகத் திரும்பி வந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்ததை இச்சபையிலுள்ள பெரியோருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவும் நடந்தவர்.

"அப்ப கொக்காவுக்கு மூண்டு மாதம். மழை. நாவற்குழிப் பக்கம் சனம் அசையேல்லை. இவள் அழுத அழுகைக்கு, ஆற்றையேன் கையிலை குடுத்திட்டுப் போனால் என்ன எண்டு ஒருக்கால் நினைச்சனான். இண்டுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"ஏனம்மா சொல்லேல்லை?"

"ஆர் கேட்டது?"

அன்று பின்னேரம் ஸ்கூட்டர் வாசலிலே நின்றதும், வசம்புச் சண்டையை மறந்து அம்மாவே போய் அந்த உத்தியோகத்தரை உள்ளே கூட்டி வந்தார். அவர் குழந்தையைப் பார்க்குமுன் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்கள் சாப்பிட்டனீங்களோ? எத்தினை மணித்தியாலம் நித்திரை?" என்று கேட்டார். ஐந்து வாரமாக எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்களுள் இதைக் கேட்டவர் அவர் ஒருவரே. பின்னர் ஒரு தாளை எடுத்தார். 1987இலே எடின்பரோ நகரின் பேரால் வெளியான பத்துக் கேள்விகள் கொண்ட வினாத்தாள் அது. பிரசவித்த தாய்மாரின் மனநிலையை அறிய இன்று பல நாடுகளிலும் பயன்படுகிறது. அக்கா பின்பு அதை எனக்குக் காட்டினார். முதற் கேள்வி அழுகையைப்பற்றியதாக இருக்கும் என்று எண்ணினேன். இல்லை. சிரிக்கக்கூடியதைக் கண்டு உங்களாற் சிரிக்க முடிகிறதா என்பதே அதன் கருத்து.

பிரசவத்துக்குப்பின் முதற் சில நாட்களில் தாய் காரணமின்றி அழுவது சாதாரணம். இரண்டு வாரத்துக்கு மேலும் அது நீடித்தால் அது நோய், வைத்தியருக்குச் சொல்லவேண்டியது, மாற்றக்கூடியது. காய்ச்சலுக்கு வெட்கப்படாத நாம் இதற்கு ஏன் வெட்கப்படுகிறோம் என்று தெரியவில்லை. "மனவருத்தம் எண்டு சனம் கதைக்கும்" என்று ஓர் உறவினர் தடுத்தார்தான். அம்மா கேட்கவில்லை. அக்கா ஆஸ்பத்திரிக்குச் சில தடவை போய்வந்தார். வீட்டிலே ஒரு சிறு சட்டமும் வந்தது. இரவு பத்து முதல் இரண்டு வரை ஏணை என் பொறுப்பு. பாலுக்கு மட்டும் அக்காவை எழுப்பலாம். சனி, ஞாயிறு அத்தான். அவர் முதல் இரவே குழந்தைக்கு முன் தாம் உறங்கினார். இரண்டாம் வாரம் தேறிவிட்டார்.

இரண்டாம் மாத ஊசிக்குக் கிளினிக்குக்குப் போனோம். மருமகனும் வந்தான். தங்கச்சியை அவனுக்குப் பிடிக்காது. வர்ணப்படங்கள் உள்ள அவளுடைய கொப்பியை மிகவும் பிடிக்கும். ஊசி போட்டதும் அவள் மண்டபம் அதிரக் கத்தினாள். அவன் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உத்தியோகத்தரிடம் மிக மரியாதையாகச் சொன்னான்: "மிஸ், இவவை நீங்களே வைச்சிருங்கோ. நாங்கள் கொப்பியைக் கொண்டு போறம்."

அக்கா சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தவும் முடியாமல். அந்த உத்தியோகத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

குழந்தைக்கு இப்பொழுது எட்டு மாதம். போன கிழமை பல்லுக்கொழுக்கட்டை கொட்டினோம். தட்டிலே புத்தகம், பேனை, மோதிரம் எல்லாம் வைத்தோம். அவள் தட்டையே கவிழ்த்துவிட்டு, நான்கு காலில் தவழ்ந்துபோய் அண்ணனின் கொழுக்கட்டையைப் பறித்தாள். அவன் மறுபடியும் கொப்பியைப்பற்றிப் பேச்செடுத்தான்.

அக்கிராசனர் அவர்கள் மணியை அடிக்கக் கை வைக்கிறார். தயவுசெய்து அடிக்க வேண்டாம். மூன்றாம் வரிசையிலே சுவரோரமாக என் தமக்கையார் இருக்கிறார். என் பேச்சின் நடுவிலேயே உறங்கிவிட்டார். மடியிலே குழந்தையும் உறங்குகிறது. சபையோரும் கைதட்டாதிருக்கும்படி கேட்டுக்கொண்டு, மெதுவாக இறங்கிப் போகிறேன்.