மலபார் வீதியும் நம் துண்டுச் சீட்டும்

(வட்டகொடையில் நிகழ்த்திய உரை)



சிங்கப்பூரிலே மலபார் வீதி என்றொரு வீதி உண்டு. மலபார் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. தமிழனைத் தமிழன் என்றெழுத மனமில்லாத வெள்ளைத் துரைத்தனம், 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் ஏடுகளிலே நம்மை மலபார் என்றே குறித்து வைத்தது. ஆகவே பெயரைக் கேட்டதும் நம்மவர் தெரு என்றே எண்ணத் தோன்றும். ஆனால், அந்த மலபார் வீதியும், அடுத்துள்ள மலாய் வீதியும், ஹைலாம் வீதியும் யப்பானியப் பெண்களை வைத்து நடத்திய விபசார விடுதிகளால் நிறைந்திருந்தவை. இன்று அவற்றின்மேல் கண்ணாடிக் கூரை வேய்ந்து அங்காடியாக்கியிருக்கிறார்கள்.

தாய்மார்கள் கூடும் இடத்தில் இதைப் பேசலாமா என்று நண்பர் சிலர் கேட்டனர். தாய்மார்கள் கூடியிருப்பதனாலேயே பேசுகிறோம்.

1819-இல் ஆங்கிலேயர் கால்வைத்த சிங்கப்பூர், மலாயாவின் ஈயச் சுரங்கங்களுக்கும் பின்னர் இறப்பர்த் தோட்டங்களுக்கும் ஆள் இறக்கும் எல்லைப்புறத் துறைமுகமாயிற்று. இறங்கியோர் பெரும்பாலும் ஆடவர். 1884-இல் அங்கிருந்த சீனருள் ஆண்கள் ஏறத்தாழ 60,000; பெண்கள் 6,600. முதலாளிக்கு வேண்டியது உழைக்கும் கை. அக்கைக்குரியவனுக்கு மனைவியும் மக்களும் வேண்டும் என்பது அவன் கணக்கில் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் விடுதிகள் எழுந்தன.

அரசு அவற்றை மூடிற்றா? இல்லை. 1870-இல் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைச் செய்து, விடுதிகளைப் பதிந்து, பெண்களை மருத்துவச் சோதனைக்கு உட்படுத்திற்று. நோய் இருவரிடையே பரவுவது. சோதனையோ ஒருத்திக்கு மட்டும்! இங்கிலாந்தில் எழுந்த எதிர்ப்பினால் 1880-களின் இறுதியில் அச்சட்டம் நீங்கியது. விடுதிகள் நீங்கவில்லை.

யப்பானின் தென்பகுதியில் அமாகுசா தீவுகளும் சிமாபரா தீபகற்பமும் உள்ளன. மண் வறியது, வரி கொடியது. அங்கிருந்த உழவர் வீட்டுச் சிறுமியரைத் தரகர் பேசி அழைத்து வந்தனர். நிலக்கரிக் கப்பல்களின் அடித்தளத்திலே மறைத்து ஏற்றப்பட்டோர் பலர். கரை சேருமுன்பே அவள் கடனாளி. கப்பற் செலவு கடன், தரகு கடன், பின்னர் உடையும் மருந்தும் கடன். ஈட்டியதில் பெரும்பகுதி விடுதிக்காரனுக்கு, மிச்சம் வட்டிக்கு. அப்பெண்கள் அநாதைகளாய் இறந்தபோது புதைப்பதற்கென 1891-இல் ஓர் இடுகாடு ஏற்பட்டது. அதற்கு நிலமளித்தவர் ஒரு விடுதி உரிமையாளர். அந்நிலமும் அவருடைய இறப்பர்த் தோட்டத்தின் ஒரு பகுதியே. ஒரே மனிதர் விடுதிக்கும் முதலாளி, தோட்டத்திற்கும் முதலாளி, கல்லறைக்கும் கொடையாளர்!

கூலிக்கும் இந்தப் பெண்ணுக்கும் உள்ள உறவை ஒரு வழக்கு வெளிப்படுத்தியது. 1872-இல் சீனக் கூலிகளை ஏற்றிப் பெரு நாட்டிற்குச் சென்ற மரியா லூஸ் என்னும் கப்பல், புயலால் பழுதுற்று யப்பானின் யோக்ககாமா துறையை அடைந்தது. ஒரு கூலி கடலிற் குதித்துத் தப்பினான். வழக்கு எழுந்தது. கப்பல் தலைவனுக்காகத் தோன்றிய ஆங்கில வழக்கறிஞர், ‘உங்கள் நாட்டிலேயே பெண்களை ஒப்பந்தம் எழுதி விற்கிறீர்களே, கூலி ஒப்பந்தம் மட்டும் எப்படிச் செல்லாததாகும்?’ என்ற பொருள்பட வாதிட்டார். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் சில வேளை தம்மையறியாமலே ஒரு நாட்டிற்கு நன்மை செய்துவிடுவதுண்டு. கூலிகள் விடுதலையாயினர். அவ்வாண்டிலேயே விலைமகளிரை விடுவிக்கும் ஆணையும் பிறந்தது. உரிமை பறிக்கப்பட்ட அப்பெண்கள் மாட்டுக்கும் குதிரைக்கும் ஒப்பாக்கப்பட்டவர்கள். மாட்டிடமும் குதிரையிடமும் எவரும் கடனைத் திருப்பிக் கேட்பதில்லை. ஆகவே இவர்களிடமும் கேட்கலாகாது என்று நீதித் துறை விளக்கம் தந்தது. நியாயம் சரியானது, உவமைதான் நெஞ்சைச் சுடுகிறது.

ஆனால், ‘அவளாக விரும்பி அறை வாடகைக்கு எடுக்கிறாள்’ என்று அடுத்த ஆண்டே புது விதி எழுதிப் பழைய கடனை உயிர்ப்பித்தனர். இத்தகைய முற்பணக் கடன் முழுவதும் செல்லாது, திருப்பிக் கேட்கவும் இயலாது என்று யப்பானிய உச்ச நீதிமன்றம் தீர்த்தது 1955-இல். இடையில் 83 ஆண்டுகள்!

நம் மலைநாட்டின் கதை வேறு. கங்காணி நம்மைக் குடும்பத்தோடு கொண்டுவந்தார்; கொழுந்து பறிக்கப் பெண்ணின் கை வேண்டியிருந்தது. ஆயினும் கடன் ஒன்றே. கடற்செலவும் வழிச்செலவும் கங்காணியின் கணக்கேறின. ‘இவ்வளவு கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவேன்’ என்று எழுதிய துண்டு இல்லாமல் நம் பாட்டன் தோட்டம் மாற இயலவில்லை. 1865-ஆம் ஆண்டுச் சட்டம், வேலையை விட்டு நீங்கியவனைச் சிறைக்கு அனுப்பிற்று. துண்டு முறை ஒழிந்தது 1921-இல்தான்.

சிங்கப்பூரில் 1920-இல் யப்பானியத் தூதரகமே தன் நாட்டுப் பெண்களின் விடுதிகளை மூட முற்பட்டது. நாட்டின் மானம் போகிறதாம்! நாடு திரும்பியோர் சிலர். மறைவாய் அதே தொழிலில் அமிழ்ந்தோர் சிலர். 1930-இல் ஏனைய விடுதிகளும் மூடப்பட்டன. வீதியை மூடிய ஆணையில் அவள் கடனைப் பற்றியோ, அவள் கஞ்சியைப் பற்றியோ பேச்சில்லை.

இப்போது நம் லயங்களுக்கு வருவோம். மத்திய கிழக்கிற்கு வீட்டு வேலைக்குப் போகும் நம் சகோதரியர் நேர்மையான உழைப்பாளிகள்; அவர்களை அந்த வீதியோடு ஒப்பிடுவோர் நாக்கை அடக்கிக்கொள்ளட்டும். நாம் ஒப்பிடுவது தரகரை. உப முகவர் லயத்திற்கு வருகிறார். குடும்பத்தின் கையில் முற்பணம் வைக்கிறார். அங்கே போனவள் அடியும் உதையும் தாங்காமல் திரும்ப விரும்பினால், ‘பணத்தை வைத்துவிட்டுப் பேசு’ என்கிறார். இது துண்டு அல்லாமல் வேறென்ன?

2006-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், கடனுக்காக ஒருவரை அடிமைப்படுத்துவதைக் குற்றமாக்கியுள்ளது. முற்பணம் தருகிறவர் எழுத்திலே என்ன கேட்கிறார் என்பதைப் பெண்ணும் வாசிக்க வேண்டும். கணவரோ தகப்பனாரோ மட்டும் கைந்நாட்டு இடலாகாது. கடவுச்சீட்டின் பிரதியும் ஒப்பந்தத்தின் பிரதியும் வீட்டில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத தாளானால், கையெழுத்திடுமுன் சங்கக் காரியாலயத்திற்குக் கொண்டு வாருங்கள். கையெழுத்திட்ட பின்னும் கொண்டு வரலாம்; அப்போது வேலை சற்றுக் கூடுதல், அவ்வளவுதான்.