வெள்ளைப் பந்து திரும்பி வரும் தூரம்



ஒன்பதடி பூல் மேசை ஒன்றை மனத்தில் கொண்டுவாருங்கள். ஆடுபரப்பு 100 அங்குல நீளம், 50 அங்குல அகலம். ஒரு முனைக்கு அருகே வெள்ளைப் பந்து. எதிர்முனையில், மூலைப் பாக்கெட்டுக்குச் சற்று முன்னால், ஒரு வண்ணப் பந்து. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஆறடி. வண்ணப் பந்தைப் பாக்கெட்டில் தள்ளுவது பழகிய கைக்கு எளிது. ஆனால் அதைத் தள்ளிய வெள்ளைப் பந்து, வந்த வழியே திரும்பி, புறப்பட்ட இடத்தையும் தாண்டிப் பின்பக்கக் குஷனைத் தொட வேண்டும். இந்த ஷாட்டை ஒருவர் சரியாக அடித்துவிட்டால், பக்கத்து மேசைகளில் ஆடுபவர்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

பூல் ஆட்டக்காரர்கள் இதை ‘பவர் டிரா’ என்பார்கள். நம் ஊர் ஸ்னூக்கர் அறைகளில் இதற்கு ‘ஸ்க்ரூ பேக்’ என்று பெயர். அசாதாரண வேகத்தில் கியூவைச் செலுத்தி அடிக்க வேண்டிய கடினமான ஷாட்கள் பூலில் பல உண்டு. ஆர்ட்டிஸ்டிக் பூல் என்ற போட்டி வகையில் அவற்றுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அந்தப் போட்டி எட்டுப் பிரிவுகளால் ஆனது: பந்தைப் பின்னிழுக்கும் டிரா, முன்னே தொடரவைக்கும் ஃபாலோ, குஷனை நம்பிய பேங்க், தாண்டவைக்கும் ஜம்ப், வளைக்கும் மாஸே என்று நீளும் பட்டியலில் ‘ஸ்ட்ரோக்’ என்பதும் ஒன்று. ஒவ்வொரு ஷாட்டுக்கும் அதன் கடினத்துக்கு ஏற்ற புள்ளி உண்டு. முயற்சிகள் மூன்று, முதல் முயற்சியில் விழாவிட்டால் கிடைக்கும் புள்ளி குறைந்துகொண்டே போகும்.

இந்தக் கலையைப் பற்றிப் பேசும்போது முதலில் நினைவுக்கு வரும் பெயர் மைக் மாஸி. 1947-இல் பிறந்த அமெரிக்கர். ‘டென்னசி டார்சான்’ என்ற பட்டப்பெயர் அவருக்கு உண்டு. வெள்ளைப் பந்தை மேசையிலிருந்து கிளப்பித் தரையில் வைத்திருக்கும் கௌபாய் பூட்ஸுக்குள் விழவைக்கும் அவரது ஷாட் உலகப் புகழ் பெற்றது. 2005-இல் அமெரிக்காவின் பில்லியர்ட் காங்கிரஸ் அவரைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது. ஆர்ட்டிஸ்டிக் பூலை வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமான டாம் ராஸ்மனும் அதே தலைமுறையைச் சேர்ந்தவர். மாஸியின் உடல்வாகைப் பார்த்தவர்கள், அவருடைய ஷாட்டின் வலு தோளிலிருந்து வருவதாக எளிதில் நினைத்துவிடுவார்கள். வலு பிறக்கும் இடம் அதுவல்ல. அது எங்கே பிறக்கிறது என்று விளங்கினால்தான் இந்தக் கலையின் அருமை புரியும்.

பந்து என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மையத்துக்குக் கீழே அடிபட்ட வெள்ளைப் பந்து முன்னோக்கி நகர்கிறது; ஆனால் பின்னோக்கிச் சுழல்கிறது. போகும் வழியெல்லாம் மேசைத் துணி அந்தச் சுழற்சியைத் தின்றுகொண்டே இருக்கிறது. உராய்வு நொடிக்கு இவ்வளவு என்று ஒரே அளவில் வசூலிக்கும். பந்து எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறதோ, அவ்வளவு சுழற்சி மிஞ்சும். மெதுவாக அடித்தால் ஓரிரு அடிக்குள் பின்சுழற்சி முழுவதும் கரைந்து, பந்து சாதாரணமாக முன்னே உருளத் தொடங்கிவிடும். அதன் பிறகு வண்ணப் பந்தை எவ்வளவு நேராக மோதினாலும் அது திரும்பாது.

இதில் ஒரு கணக்கு உண்டு. பந்தின் ஒரே இடத்தில் அடிக்கும்போது, வேகத்தை இரண்டு மடங்காக்கினால் பந்து உருளாமல் வழுக்கிச் செல்லும் தூரம் நான்கு மடங்காகும். ஓரடி தூரத்து டிராவை அழகாக அடிக்கிறவர் ஆறடி தூரத்தில் தடுமாறுவது இதனால்தான். தூரம் கூடும்போது வேகமும் கூடியாக வேண்டும். வேகம் கூடும்போது கை பிசகாமல் இருந்தாக வேண்டும்.

மோதலின் கணத்தை மெதுவோட்டப் படத்தில் பார்த்தால் கண்ணுக்கு விருந்து. நேர்மோதலில் வெள்ளைப் பந்து தன் வேகத்தை ஏறத்தாழ முழுவதும் வண்ணப் பந்திடம் ஒப்படைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே பின்னோக்கிச் சுழல்கிறது. சேற்றில் சிக்கிய லாரியின் சக்கரம் சுழன்றும் நகராமல் இருப்பது போல, ஒரு நொடியின் சிறு துணுக்கு நேரம் அது அப்படியே நிற்கிறது. பிறகு துணியில் பிடி கிடைக்கிறது. சட்டென்று பின்னே பாய்கிறது.

கீழே அடித்தால் போதுமென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் கீழே அடிக்கலாமே என்று தோன்றும். அதற்கும் எல்லை உண்டு. பூல் பந்தின் விட்டம் இரண்டேகால் அங்குலம், அதாவது சுமார் 57 மில்லிமீட்டர். மையத்திலிருந்து ஏறக்குறைய பாதி ஆரம், சுமார் 14 மில்லிமீட்டர் வரைதான் கியூவின் நுனியிலுள்ள டிப் பந்தைப் பிடிக்கும். அதைத் தாண்டினால் வழுக்கிவிடும்; மிஸ்கியூ. பவர் டிரா அடிப்பவர் அந்த விளிம்பை ஒட்டியே அடிக்கிறார். அதுவும் முழு வேகத்தில். கியூ பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நொடி. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். திருத்திக்கொள்ள அவகாசம் கிடையாது. டிப் ஓரிரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் பட்டாலும் பந்து குறிவைத்த கோட்டைவிட்டு விலகும். ஆறடி தூரத்தில் அந்தச் சிறு விலகலே பாக்கெட்டைத் தவறவிடப் போதும். மூலைப் பாக்கெட்டின் வாய் ஏறத்தாழ இரண்டு பந்து அகலம்தான். வேகமாக வரும் பந்தைப் பாக்கெட்டின் தாடைகள் வெளியே தள்ளிவிடவும் செய்யும். ஆக, எவ்வளவு வேகமாக அடிக்கிறாரோ அவ்வளவு நுணுக்கமாக அடித்தாக வேண்டும்.

இப்படிக் கீழே அடிப்பதே ஒரு காலத்தில் முடியாத காரியம். மொட்டை மரக்குச்சியால் ஆடிய காலம் அது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சைச் சேர்ந்த கேப்டன் மிங்கோ கியூவின் நுனியில் தோல் டிப்பை வைத்து, அதனால் பந்தை எப்படியெல்லாம் சுழற்றலாம் என்று காட்டினார். 1827-இல் நூலாகவும் வெளியிட்டார். 1835-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர், கணித மேதை கொரியோலி, பில்லியர்ட் பந்துகளின் சுழற்சியைப் பற்றி முழுக் கணித நூலே எழுதினார். மோதிய பின் சுழலும் பந்து வளைந்து செல்லும் பாதை ஒரு பரவளையம் என்று நிறுவியவர் அவர். இன்று எல்லாரும் கியூவில் தேய்க்கும் நீலச் சாக் துண்டுக்கு ஸ்பிங்க்ஸ், ஹாஸ்கின்ஸ் என்ற இரு அமெரிக்கர்கள் 1897-இல் காப்புரிமை பெற்றார்கள். டிப்பும் சாக்கும் இல்லையென்றால் இன்று நாம் பேசும் ஷாட்கள் எதுவும் இல்லை.

சரி, வலு எங்கிருந்து வருகிறது? கியூவின் எடை பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ். அரைக் கிலோவை ஒட்டியது. பந்துக்குப் போய்ச் சேர்வது, தொடும் கணத்தில் கியூவுக்கு இருக்கும் வேகம். கியூவை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டும் முன்கையும் விறைத்து அந்த வேகம் செத்துவிடும். நல்ல ஸ்ட்ரோக் அடிப்பவரின் பின்கையைக் கவனியுங்கள். கியூ விரல்களில் ஊஞ்சலாடும்; உள்ளங்கை அதை நெரிக்காது. மேசையில் ஊன்றிய மற்றக் கைக்கும் பந்துக்கும் இடையிலான தூரத்தை வழக்கத்தைவிடச் சில அங்குலம் கூட்டிக்கொள்வார். கியூ வேகமெடுக்க அது இடம் கொடுக்கும். பின்னே இழுக்கும்போது அவசரப்பட மாட்டார். இழுத்து முடிக்கும் இடத்தில் ஒரு சின்னத் தயக்கம். அங்கிருந்து வேகம் சீராக ஏறி, பந்தைத் தொடும் இடத்தில் உச்சத்தை அடையும். அடித்த பிறகு கியூ முன்னே போய்க்கொண்டே இருக்கும். பந்து அதற்கு முன்பே போய்விட்டதால், அந்த நீட்சி பந்துக்கு ஒன்றும் செய்வதில்லை. ஆனால் தொடும் கணத்தில் கை தயங்கி வேகத்தைக் குறைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

மாஸி ஐம்பது வயதைக் கடந்த பிறகும் தொலைக்காட்சி ட்ரிக் ஷாட் போட்டிகளில் பட்டம் வென்றதற்குக் காரணம் இதுதான். தசையின் பலம் மட்டுமே மூலதனம் என்றால் அந்த வயதில் அது நடந்திருக்காது.

பிலிப்பைன்ஸின் பிரான்சிஸ்கோ புஸ்டமான்டே இன்னோர் எடுத்துக்காட்டு. 2010-இல் தோஹாவில் நடந்த உலக நைன்-பால் போட்டியின் சாம்பியன். குறி பார்க்கும்போது டிப்பைத் துணியை ஒட்டியபடி கீழே வைத்திருப்பார். அடிக்கும் கணத்தில் அது வேண்டிய உயரத்துக்கு வந்து சேரும். தளர்ந்த பிடி, நீண்ட அசைவு, சாட்டை போன்ற முடிவு. பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்கள் பலருக்கு இந்தப் பாணி வந்ததற்கு ஈரப்பதமான காற்றும் பந்து மெதுவாக ஓடும் துணியும் காரணம் என்று பூல் வட்டாரத்தில் சொல்வதுண்டு. ஈரம் ஏறிய துணியில் பந்து சோம்பும். பாக்கெட் இல்லாத கேரம் பில்லியர்ட்ஸ் மேசைகளின் கற்பலகையைப் போட்டிகளில் சூடாக்கி வைப்பதும் ஈரத்தை விரட்டத்தான்.

பின்னிழுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். முன்னே செலுத்தும் ஃபாலோவிலும் வலு வேண்டும். அதை ரசிகர்கள் அதிகம் கவனிப்பதில்லை. உருண்டு வரும் வெள்ளைப் பந்து நேருக்கு நேர் மோதினால், மோதலுக்குப் பின் மீண்டும் உருளத் தொடங்கும்போது அதன் வேகத்தில் ஏழில் இரண்டு பங்குதான் மிஞ்சும். தூரமாகக் கணக்கிட்டால், மோதாமல் போயிருந்தால் பன்னிரண்டு அடி ஓடியிருக்கும் பந்து இப்போது சுமார் ஓரடிதான் ஓடும். அந்தப் பந்தே மோதிய பின் இரண்டு மூன்று குஷன்களைத் தொட்டுக்கொண்டு மேசையைச் சுற்றி வர வேண்டுமென்றால், அடிக்கும்போது எவ்வளவு வேகம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். டிராவைப் போல இதில் கூடுதல் சுழற்சியைத் திணிக்கவும் வழி குறைவு. மையத்துக்கு மேலே ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு உயரத்தில் அடித்தாலே பந்து முதலிலிருந்து உருளத் தொடங்கிவிடும். மிஸ்கியூ எல்லைக்கு அதற்கு மேல் கொஞ்சம்தான் இடம் இருக்கிறது.

கோணமாக மோதும் வலுவான ஃபாலோவோ தனி அழகு. பந்து முதலில் பக்கவாட்டில் பீறிட்டுப் போகும். சுழற்சிக்குப் பிடி கிடைத்ததும் வளைந்து முன்னே திரும்பும். கொரியோலி சொன்ன பரவளையம் பச்சைத் துணியில் கண்முன்னே வரையப்படும். வேகம் கூடக்கூட அந்த வளைவு தாமதமாகவும் அகலமாகவும் விழும்.

ஸ்னூக்கரிலும் இந்தத் திறமைக்குத் தனி மதிப்பு உண்டு. 1875-இல் ஜபல்பூரில் பிறந்து, பின்னர் ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட ஆட்டம் அது. பூலைவிடப் பெரிய, பன்னிரண்டடி மேசை. 1990-களில் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்டீபன் ஹென்றி, நீலப் பந்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே வெள்ளைப் பந்தைச் சிவப்புக் கூட்டத்துக்குள் பாய்ச்சிச் சிதறடிப்பார். அந்த ஒரு ஷாட் ஆட்டத்தின் போக்கையே மாற்றியது. தற்காத்துக்கொண்டு காத்திருந்த காலம் போய், தாக்கி ஆடும் காலம் வந்தது. 2019-இல் உலகப் பட்டம் வென்ற ஜட் டிரம்ப்பின் ஆட்டத்திலும் வர்ணனையாளர்கள் ஓயாமல் புகழ்வது அவரது கியூ வலுவைத்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வலு இல்லாமலே பூலில் சிகரம் தொட்டவர்கள் உண்டு. வில்லி மாஸ்கோனி 1954-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் தொடர்ந்து 526 பந்துகளைப் பாக்கெட்டில் போட்டார். ஒவ்வொரு பந்துக்கும் வெள்ளைப் பந்தைச் சில அங்குலம் மட்டுமே நகர்த்தினால் போதும் என்று திட்டமிட்டு ஆடிய ஆட்டம் அது. 2001 யு.எஸ். ஓப்பன் நைன்-பால் இறுதியில் கோரி டூயல், எல்லாரும் ஓங்கி அடிக்கும் பிரேக் என்ற தொடக்க ஷாட்டை மெதுவாக அடித்து, 11-0 என்று வென்றார். அனுபவம் கூடக்கூட ஆட்டக்காரர் வலுவான ஷாட்டைத் தேடிப் போவதில்லை. அது தேவைப்படாத நிலைகளை முன்கூட்டியே அமைத்துக்கொள்கிறார்.

ஆனால் எந்த ஆட்டத்திலும் கணக்கு ஒருமுறையாவது தப்பும். வெள்ளைப் பந்து தவறான முனையில் நிற்கும். அடுத்த பந்து மேசையின் மறுகோடியில் கிடக்கும். அப்போது கையில் இந்த ஸ்ட்ரோக் இல்லாதவர் தற்காப்பாக ஆடி வாய்ப்பை எதிராளியிடம் கொடுக்க வேண்டியதுதான். இருப்பவர் தொடர்ந்து ஆடுவார். ஆட்டத்தின் இக்கட்டான கட்டங்களில் இந்த ஒரு வித்தியாசம் பட்டத்தையே தீர்மானித்துவிடும். வித்தை காட்டும் மேடைக்கு மட்டும் உரியது என்று இதை ஒதுக்கிவிட முடியாததும் அதனால்தான்.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்குப் பயிற்சியாளர்கள் சொல்லித்தரும் முறை எளிது. முதலில் இரண்டு பந்துகளையும் ஓரடி இடைவெளியில் நேர்க்கோட்டில் வையுங்கள். பாதி வேகத்தில் அடித்து, வெள்ளைப் பந்தை ஓரடி பின்னே கொண்டுவாருங்கள். அது பத்துக்கு எட்டு முறை வரத் தொடங்கியதும் இடைவெளியைச் சில அங்குலம் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் டிப்பில் சாக் தேய்க்க மறக்காதீர்கள். வெள்ளைப் பந்து நின்ற இடத்தில் ஒரு சின்னக் காகிதத்தை வைத்து, அடுத்த முறை அதை எட்டுகிறதா என்று பாருங்கள். திரும்பி வரும் பந்து நேர்க்கோட்டைவிட்டு இடமோ வலமோ ஒதுங்கினால், பெரும்பாலும் வண்ணப் பந்தை நடுவில் மோதவில்லை, அல்லது டிப் மையக்கோட்டில் படவில்லை. இரண்டையும் சரிசெய்த பிறகு அடுத்த சில அங்குலத்துக்குப் போங்கள். மேசையின் முழு நீளத்துக்கு இப்படி வந்து சேர மாதங்கள் ஆகலாம். ஒன்பதடி மேசையில் ஆறடி டிராவை அடிக்கும் பலரும் இந்த வழியில்தான் வந்திருக்கிறார்கள்.