சப்ஜெக்ட் லைனை நம்பின மாமா

ஈமெயில் நியூஸ்லெட்டர்ல கட்டாயம் என்னென்ன இருக்கணும்? இதுதான் இன்னைக்கு எபிசோட். நான் இதைக் கத்துக்கிட்டது எங்க ஊர் போடிநாயக்கனூர் ஏலக்காய் விலைப் பட்டியல்ல இருந்து.

போடியிலயும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டம் புத்தடியிலயும் ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏலம் நடக்குது. அதுக்கு ஒரு பட்டியல் வரும். தேதி, ஏலம் நடத்தின நிறுவனம், எத்தனை லாட், வந்தது எத்தனை கிலோ, வித்தது எத்தனை கிலோ, அதிகபட்ச விலை, சராசரி விலை. அவ்வளவுதான்.

இதை வச்சு, தெரிஞ்ச விவசாயிகளுக்கு ஒரு நியூஸ்லெட்டர் ஆரம்பிச்சேன். பெரிய லோகோ, தோட்டத்துப் படம், நாலு பத்தி முன்னுரை. சப்ஜெக்ட் லைன்ல அதிகபட்ச விலை மட்டும். நிறைய பேர் திறந்து பார்த்தாங்க. எனக்கு ஒரே குஷி.

நாலு நாள் கழிச்சு மாமா போன் பண்ணினார். "மாப்ள, வீட்டுக்கு வந்த வியாபாரி குறைச்சுக் கேக்குறான்னு திருப்பி அனுப்பிட்டேன். இப்ப விலை இறங்கிருச்சு. நீ போட்ட ரேட்டு எத்தனை லாட்டுக்குடா போச்சு?"

எனக்குப் பதில் இல்லை. அதிகபட்ச விலைங்கிறது அன்னைக்கு வந்ததுலயே நல்லா விலைபோன சரக்கோட விலை. மாமாகிட்ட இருந்தது கலப்புக் காய். அவர் பார்க்க வேண்டியது சராசரி விலை. அதுவும் மெயில்ல இருந்துச்சு, ஆனா கடைசி வரியில. நான் பொய் சொல்லலை. ஆனாலும் நஷ்டம் அவருக்கு.

அதுக்கப்புறம் நான் மாத்தினது இதெல்லாம்:

அனுப்புறவர் இடத்துல வாசகருக்குத் தெரிஞ்ச பேர் இருக்கணும்.

சப்ஜெக்ட் லைன்ல ஊர், தேதி, சராசரி விலை. உள்ள இருக்கிறதைத்தான் வெளிய சொல்லணும்.

முதல் ரெண்டு வரியிலயே முக்கியமான விஷயம். அதிகபட்சத்தைப் போட்டா பக்கத்துலயே சராசரியும், வந்த சரக்கோட அளவும் வேணும்.

முக்கியமான தகவலைப் படத்துக்குள்ள வைக்காதீங்க. மலையில சிக்னல் கம்மி. படம் திறக்காது, எழுத்து திறக்கும்.

தகவல் எங்க இருந்து வந்ததுன்னு ஒரு லிங்க். கேள்வி இருந்தா பதில் எழுத ஒரு முகவரி.

அன்சப்ஸ்க்ரைப் பட்டன் கண்ணுல படணும். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல அனுப்புறவங்களுக்கு 2024-ல இருந்து இது கட்டாயம். நம்ம லிஸ்ட்ல 50 பேர்தான்னாலும் வைங்க. போக நினைக்கிறவங்களைப் பிடிச்சு வைக்கக் கூடாது.

மாமா இன்னும் லிஸ்ட்லதான் இருக்கார். இப்பல்லாம் சப்ஜெக்ட் லைனை மட்டும் படிச்சுட்டு வியாபாரிகிட்ட பேசுறார். அதனால அனுப்புறதுக்கு முன்னாடி அந்த ஒரு வரியை மூணு தடவை சரிபார்க்கிறேன்.

அடுத்த வாரம் சந்திப்போம்.